ஒன்றரை முதல் நாலரை வரை

காற்றிலுள்ள கரியமில வாயு இரு மடங்கானால், கடலும் நிலமும் சூடேறி நிலைகொண்ட பிறகு, உலகின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கும் என்பதைக் குறிக்கும் எண்ணைக் ‘காலநிலை உணர்திறன்’ என்பர். புவி வெப்பமாதல் எவ்வளவு கடுமையாகும் என்ற வாதத்தின் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடந்து வந்துள்ளது. 1896இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ் அதை ஐந்து முதல் ஆறு டிகிரி என்று கணித்தார். 1938இல் ஆங்கிலேய நீராவிப் பொறியாளர் கை கேலண்டர் இரண்டு டிகிரி என்றார். குளிர்நாட்டவரான இருவருக்கும் வெப்பம் கூடுவது நன்மையாகவே தோன்றியது.

1979 ஜூலையில், அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்காக ஜூல் சார்னி தலைமையில் வுட்ஸ் ஹோலில் கூடிய குழு, வளிமண்டலத்தின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ‘மாதிரிகளை’ ஆராய்ந்தது. சியுகுரோ மனாபேயின் மாதிரி ஏறத்தாழ இரண்டு டிகிரியும் ஜேம்ஸ் ஹான்சனின் மாதிரி ஏறத்தாழ நான்கு டிகிரியும் காட்ட, இரு புறமும் அரை டிகிரி தளர்வு விட்டு, ஒன்றரை முதல் நாலரை வரை என்ற வீச்சு வகுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு எளிய வழியில் பிறந்த வீச்சு நாற்பதாண்டுக் காலம் ஏறக்குறைய அசையாமல் நின்றதற்கு முதன்மையான காரணம் மேகங்களே. வெப்பம் ஏறும்போது தாழ்மேகங்கள் குறைந்தால் கூடுதல் வெயில் உள்ளே வந்து சூட்டை மேலும் ஏற்றும், ஆனால் அவை எவ்வளவு குறையும் என்பதை எளிதில் கணிக்க முடியவில்லை.

பொதுவெளியில் மூண்ட சண்டைக்கு இந்த வீச்சைவிட அதைப் படித்தவரின் மனச்சாய்வே காரணம் என்பதற்கு 1983ஆம் ஆண்டே போதிய சான்று. அவ்வாண்டு வில்லியம் நீரன்பர்க் தலைமையில் அதே கழகம் வெளியிட்ட அறிக்கை, சார்னி குழுவின் எண்களையே ஏற்றுக்கொண்டு, எரிபொருள் கொள்கையை உடனே மாற்ற வேண்டியதில்லை, ஆராய்ந்தபடி காத்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் அதில் எழுதிய இயல், மக்கள் புதிய தட்பவெப்பத்துக்கு ஏற்ப வாழப் பழகிக்கொள்வதைப் பற்றியே மிகுதியும் பேசியது. ஏறத்தாழ அதே நாட்களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிக்கை கவலை தொனிக்க வெளிவந்தபோதும், ரீகன் அரசுக்கு உவப்பானது கழகத்தின் அறிக்கையே. நாலரையின் பக்கம் நின்று பார்த்தவருக்கு அவசரமும் ஒன்றரையின் பக்கம் நின்றவருக்கு ஆறுதலும் கிடைத்தன. ஐயம் இரு பக்கமும் சமமாக நீள்கிறது என்பதை இரண்டாமவர் வசதியாக மறந்தனர்.

ஐநாவின் காலநிலைக் குழு 2007இல் கீழ் எல்லையை இரண்டுக்கு உயர்த்தி, மேற்பரப்பு வெப்பமேற்றம் சில ஆண்டுகள் மந்தமாகத் தோன்றியதும் 2013இல் மீண்டும் ஒன்றரைக்கே இறக்கியது. 2021இல்தான், பண்டைத் தட்பவெப்பச் சான்றுகளையும் கருவிப் பதிவுகளையும் மேக ஆய்வுகளையும் ஒருங்கே எடைபோட்டு, வீச்சு இரண்டரை முதல் நான்கு வரை எனச் சுருக்கப்பட்டது. ஆறுதலுக்கு இடம் தந்த கீழ்ப்பகுதியே அதிகம் அடிபட்டது. 2023இல் ஹான்சன், உணர்திறன் 4.8 டிகிரி எனத் தம் சகாக்களுடன் எழுத, காலநிலையியலாளர் பலர் அதை மிகை என்று மறுத்தனர்.