வெள்ளம் தாங்கும் நெல்: ஒடிசா உழவர் மரபும் மரபணு ஆய்வும்

முக்கூடற்பள்ளு நெல் வகைகளின் பெயர்களைத் தொகுத்துரைப்பது தமிழ் ஆய்வாளர் நன்கறிந்த செய்தி. உழவர் வழங்கிய இத்தகைய பெயர்கள் வேளாண் வரலாற்றுக்கும் சான்றாகும் என்பதை ஒடிசாவின் நெல் ஒன்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நீரில் மூழ்கிய நெற்பயிர், மேலெழும் முயற்சியில் விரைந்து நீண்டு, சேமித்த மாவுச்சத்தை இழக்கிறது. நீர் வடிந்ததும் சாய்ந்து மடிகிறது. ஒடிசா உழவர்தம் தளபுட்டியா நெல்லோ இதற்கு மாறானது. வளர்ச்சியை அடக்கி ஆற்றலைக் காத்து, ஏறத்தாழ இரு வாரம் மூழ்கியிருந்தும் மீண்டும் துளிர்ப்பது. இதிலிருந்து தெரிவுசெய்யப்பட்டதே எஃப்.ஆர். 13ஏ. இப்பண்புக்குரிய சப்1 என்னும் மரபணுப் பகுதி, ஒன்பதாம் குரோமோசோமில் அமைந்திருப்பது 1996-இல் அறியப்பட்டது. அதனுள் அடங்கிய சப்1ஏ மரபணு 2006-இல் இனங்காணப்பட்டது.

எஃப்.ஆர். 13ஏ விளைச்சல் குறைந்தது. முந்தைய கலப்புகளில் அதன் வேண்டாத பண்புகளும் உடன்வந்தன. மூலக்கூற்று அடையாளங்களின் துணையுடன் மீள்கலப்பு செய்த பின்னரே, உழவர் விரும்பும் சுவர்ணா நெல்லின் இயல்பு கெடாமல் வெள்ளம் தாங்கும் பண்பைச் சேர்க்க இயன்றது. சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. தமிழகத்தில் சி.ஆர். 1009 நெல்லிலும் இப்பண்பு சேர்க்கப்பட்டது. எனினும் உவர்நிலத்துக்கோ வறட்சிக்கோ இம்மரபணு தீர்வாகாது. மழையின் காலமும் அளவும் பிறழும் இந்நாளில் வேறுபட்ட பண்புடைய பல விதைகள் தேவைப்படுகின்றன.

அவ்வேறுபாட்டைக் காப்பதில் ஒடிசாவின் கோராபுட் பழங்குடியினர் பங்கு குறிப்பிடத்தக்கது. அவர்தம் வேளாண் மரபை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2012-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபாக ஏற்றது. உள்ளூர் நெல் விதைகளைக் காத்த கமலா பூஜாரி 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குளிரறையில் உறங்கும் விதை அன்றைய நிலையிலேயே நிற்கும். ஆண்டுதோறும் விதைக்கப்படுவதோ மாறும் சூழலுக்கேற்பத் தெரிவுபெறும். எனவே விதை வங்கியும் வயலும் ஒன்றற்கொன்று மாற்றல்ல.

2001-ஆம் ஆண்டின் பயிர்வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவர்க்குள்ள உரிமையை ஏற்கிறது. மரபுவளம் காத்தோர்க்குப் பரிசளிக்கவும் வழிசெய்கிறது. ஆயினும் சப்1ஏ மரபணுவைக் கண்டறிந்தோர் பெயர் ஆய்வேடுகளில் நிற்க, தளபுட்டியாவைத் தலைமுறைதோறும் விதைத்துக் காத்தோர் பெயரற்றவராயினர். அவர் உழைப்புக்கு எஞ்சிய சான்று அந்நெல்லின் பெயரே. தமிழ் நூல்களில் பயிலும் நெற்பெயர்களுள் எவை இன்றும் வயலில் வழங்குகின்றன எனக் களத்தில் ஆராய்வது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.