பத்து ரூபாயில் பிறந்த வங்கி

உழைக்கும் பெண்ணுக்குக் கடன் கொடுத்துவிட்டால் அவள் வாழ்வு உயர்ந்துவிடுமா? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை தேடிய ஊர், இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள அகமதாபாத்.

துணி ஆலைகளுக்குப் பெயர்போன அந்நகரில் காய்கறி விற்றும், தலைச்சுமை தூக்கியும், பீடி சுற்றியும் பிழைத்த பெண்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. முறையிட ஒரு முதலாளியும் கிடையாது. சட்டம் படித்த இலா பட் அம்மையார் அவர்களை ஒன்றுதிரட்டி 1972இல் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் பதிவு செய்ய மறுத்தார்கள். ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டுமல்ல, உழைப்பவர்கள் ஒன்றுபடுவதற்காகவும்தான் சங்கம் என்று வாதாடி அம்மையார் வென்றார்.

அடுத்த எதிரி கந்துவட்டி. காலையில் வாங்கிய கடனை மாலையில் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வங்கிகளோ எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை மதிக்கவில்லை. 1974இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுச் சொந்தமாகவே ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்தார்கள். கையெழுத்துத் தெரியாதவர்களுக்குப் புகைப்படமே அடையாளமானது. உழைத்த காசு பெண்ணின் பெயரிலேயே சேர்ந்தது.

அப்படியும் சிலர் தவணை கட்டத் தவறினார்கள். காரணம் சோம்பலா? இல்லை. நோய், பிள்ளைப்பேறு, கணவனின் மரணம். ஒரு வாரம் படுத்துவிட்டால், சரக்கு வாங்க வைத்திருந்த பணம் மருந்துக்குப் போய்விடும். ஆகவே பேறுகால உதவி, குழந்தைக் காப்பகம், சுகாதாரப் பணி என்று சேவா விரிந்தது. 1992இல் காப்புறுதித் திட்டமும் வந்தது.

சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பும் கடனோடு சுகாதாரத்தையும் சேர்த்தே கவனித்தது. மலேசியாவில் 1987இல் அமானா இக்தியார் உருவானது.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. 2010இல் ஆந்திராவில், இலாப நோக்கமுள்ள நிறுவனங்கள் கடன்மேல் கடன் கொடுத்து வசூலுக்கு நெருக்கியதில் தற்கொலைச் செய்திகள் எழுந்தன. மாநில அரசே அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

இலா பட் 2022இல் மறைந்தார். பெண்களுக்கு உதவ முன்வரும் அமைப்புகள் எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவது நல்லதுதான். வாங்கியவள் நோயில் படுத்த வாரத்தில் யார் துணை நின்றார்கள் என்ற கணக்கையும் அதோடு காட்ட வேண்டும்.