சேர்மமா, கலவையா? எட்டாண்டு நடந்த வழக்கு

வீட்டில் புழக்கமில்லாமல் கிடக்கும் ஒரு செப்புக் குடத்தை எடுத்துப் பாருங்கள். ஈரக் காற்றுப் பட்டுப் பட்டு அதன்மேல் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். புளியிட்டுத் தேய்த்தால் போய்விடும். அந்தக் களிம்பில் பெரும்பகுதி காரத்தன்மையுள்ள செப்புக் கார்பனேட் என்று வேதியியல் படிக்கும் மாணவர் சொல்லிவிடுவார். அவரிடம் இன்னொரு கேள்வி கேட்போம். இந்தச் செப்புக் கார்பனேட் சுரங்கங்களில் மாலக்கைட் என்னும் பச்சைக் கல்லாகவும் கிடைக்கிறது, ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். குடத்தில் விளைந்தது, மண்ணில் விளைந்தது, குடுவையில் விளைந்தது ஆகிய மூன்றிலும் செம்பு ஒரே அளவில்தான் இருக்குமா?

“ஒரே அளவுதான், இதில் என்ன ஐயம்?” என்பீர்கள். ஆனால் 1799 முதல் ஏறக்குறைய எட்டாண்டுகள் இதே கேள்விக்காக இரண்டு பெரிய வேதியியலார் வாதிட்டார்கள். இருவருமே பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர் குளோட் லூயி பெர்தொல்லே. குளோரினைக் கொண்டு துணி வெளுக்கும் முறையைக் கண்டவர், நெப்போலியனுக்கு நெருக்கமானவர். மற்றவர் ஜோசப் லூயி புரூஸ்ட். மருந்துக் கடைக்காரரின் மகன்; 1784-இல் பலூனில் ஏறி வானில் பறந்தவர்; பிறகு ஸ்பெயினுக்குப் போய் செகோவியா நகரப் பீரங்கிப் படைக் கல்லூரியிலும், அதன்பின் மாட்ரிட் நகரிலும் வேதியியல் கற்பித்தவர்.

வழக்கின் தொடக்கம் எகிப்தில். 1798-இல் நெப்போலியன் படையெடுத்துச் சென்றபோது அறிஞர் குழு ஒன்றையும் கூட்டிச் சென்றார். அதில் பெர்தொல்லேயும் இருந்தார். நைல் நதியின் கழிமுகத்துக்கு மேற்கே பாலைவனத்தில் சில உப்பேரிகள் உண்டு. அவற்றின் கரையில் சோடியம் கார்பனேட் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நம் ஊர்களில் துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருப்பதும் இதே பொருள்தான். பெர்தொல்லே வியந்ததற்குக் காரணம் வேறு. கால்சியம் குளோரைடு கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் ஆய்வுக்கூடத்தில் கலந்து பாருங்கள்: சுண்ணாம்புக் கார்பனேட் வீழ்படிவாக இறங்கும், சமையல் உப்பு நீரில் நிற்கும். ஏரிக்கரையிலோ இது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அங்கே சமையல் உப்பும் சுண்ணாம்புக் கல்லும் மலைபோல் இருந்தன. அவை வினைபுரிந்து சோடியம் கார்பனேட்டைத் தந்துகொண்டிருந்தன.

இதிலிருந்து பெர்தொல்லே ஓர் உண்மையைப் பிடித்தார். இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள நாட்டம் மட்டுமே வினையை முடிவு செய்கிறது என்று அன்று எல்லாரும் நம்பினார்கள். நாட்டம் மட்டும் போதாது, பொருளின் அளவும் வினையின் போக்கை மாற்றும் என்றார் அவர். இது முற்றிலும் சரி.

அதோடு நிற்காமல் அவர் இன்னோர் அடி எடுத்து வைத்தார். அளவு வினையின் திசையையே மாற்றுமானால், விளையும் சேர்மத்தின் இயைபையும் மாற்றத்தானே வேண்டும்? தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரையும் போடலாம், மூன்று கரண்டியும் போடலாம். அதைப்போல, ஓர் உலோகம் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் கிடைப்பதைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை, நடுவில் எந்த அளவும் வரலாம் என்றார். சான்றுகளும் காட்டினார். காற்றில் காய்ச்சும்போது காரீயத்தின் நிறம் படிப்படியாக மாறுவதைப் பாருங்கள் என்றார். கண்ணாடியைப் பாருங்கள், உலோகக் கலவைகளைப் பாருங்கள், இவற்றிலெல்லாம் நிலையான விகிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது.

புரூஸ்டின் பதில் தராசிலிருந்து வந்தது. 100 பங்கு செம்பைக் கந்தக அமிலத்தில் கரைத்தாலும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்தாலும், பிறகு சோடா உப்பு இட்டாலும் பொட்டாஷ் உப்பு இட்டாலும், இறங்கும் பச்சைக் கார்பனேட் எப்போதும் 180 பங்கு என்று 1799-இல் எழுதினார். மாலக்கைட்டிலும் அதே இயைபைக் கண்டார். இன்றைய கணக்குப்படி 174 பங்குதான் வர வேண்டும். அவர் உலர்த்திய பொருளில் சிறிது ஈரம் தங்கியிருக்கலாம். ஆனால் அவருக்கு முக்கியமாகப் பட்டது அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறாமல் வந்ததுதான். நம் சித்த மருத்துவர்கள் அறிந்த சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறப் பொருள், ஜப்பானில் கிடைத்தாலும் ஸ்பெயினில் கிடைத்தாலும் ஒரே இயைபு உடையதுதான் என்றும் அவர் வாதிட்டார்.

அப்படியானால் இடைப்பட்ட அளவுகளில் ஆக்சிஜன் உள்ள ஆக்சைடுகள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் புரூஸ்டின் கூர்மை தெரிகிறது. வெள்ளீயத்துக்கு நிலையான இயைபுள்ள ஆக்சைடுகள் இரண்டு உண்டு என்று காட்டினார். இடைப்பட்டவை என்று தோன்றியவை அந்த இரண்டும் கலந்த கலவைகளே. அரிசியையும் உளுந்தையும் எந்த அளவில் கலந்தாலும் ஒவ்வொரு மணியும் அரிசியாகவோ உளுந்தாகவோதான் இருக்கும், அல்லவா? இன்னும் சில ‘ஆக்சைடு’களில் தண்ணீரும் சேர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார். அவற்றை இன்று ஹைட்ராக்சைடுகள் என்கிறோம். எடை கூடியதற்குக் காரணம் ஆக்சிஜன் அல்ல, நீர்.

கண்ணாடியையும் உலோகக் கலவையையும் பற்றிக் கேட்டபோது, அவை சேர்மங்கள் அல்ல, கரைசல்களைப் போன்றவை என்றார். எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? நிலையான விகிதம் இருந்தால் சேர்மம், இல்லையென்றால் கலவை! இது செக்கைச் சுற்றி வரும் வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க வேண்டியதையே இலக்கணமாக வைத்துக்கொண்டால் எதிராளி எப்படி வெல்வது? இயற்கை ஏன் நடுவழியில் நிற்காமல் ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்குத் தாவ வேண்டும் என்பதற்கும் புரூஸ்டிடம் விடை இல்லை.

விடை அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அவர் முடிவுகளை நூற்றுக்கு இத்தனை என்று எழுதி வந்தார். வெள்ளீய ஆக்சைடுகளை இன்றைய துல்லியமான எண்களால் அப்படி எழுதினால், ஆக்சிஜன் ஒன்றில் 11.9 விழுக்காடு, மற்றதில் 21.2 விழுக்காடு. இவற்றைப் பார்த்து எதுவும் தோன்றாது. வெள்ளீயத்தை 100 பங்கு என்று நிறுத்திக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் கணக்கிடுங்கள்: 13.5 பங்கு, 27 பங்கு. சரியாக இரு மடங்கு! இப்படிப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஜான் டால்ட்டன். அணுவைப் பாதியாக வெட்டிச் சேர்க்க முடியாது. ஒன்று சேரலாம், இரண்டு சேரலாம், ஒன்றேகால் சேர முடியாது. 1808-இல் வெளிவந்த அவருடைய நூலில் தாவலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மாறா விகித விதியும் மடங்கு விகித விதியும் பாடநூலில் அடுத்தடுத்து நிற்பது இதனால்தான்.

அதே 1808-இல் மாட்ரிட்டில் புரூஸ்டின் ஆய்வுக்கூடம் போர்க் குழப்பத்தில் சூறையாடப்பட்டது. அவர் 1806-இலேயே பிரான்சுக்குத் திரும்பியிருந்தார். கருவிகளும் சேகரிப்புகளும் போயின. 1816-இல்தான் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

பெர்தொல்லே தோற்றார் என்று சொல்லி முடித்துவிட முடியாது. விகிதத்தைப் பற்றிய அவர் கருத்து வீழ்ந்தபோது, அளவு வினையின் போக்கை மாற்றும் என்ற அவருடைய நல்ல கருத்தும் சேர்ந்தே மறக்கப்பட்டது. நார்வே நாட்டு குல்ட்பெர்க், வாகே இருவரும் 1864-இல் அதற்கு உருவம் கொடுக்கும்வரை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வீணாயின. இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஓர் இரும்பு அணு, ஓர் ஆக்சிஜன் அணு என்று நாம் எழுதும் இரும்பு ஆக்சைடில் உண்மையில் இரும்பு சற்றுக் குறைவு. 100 ஆக்சிஜன் அணுக்களுக்கு 95 அளவில், சில சமயம் அதற்கும் கீழே. படிகத்தில் இரும்பு இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. எத்தனை இடங்கள் காலி என்பது பொருள் உண்டான விதத்தைப் பொறுத்து மாறுகிறது. இத்தகைய சேர்மங்களுக்கு ரஷ்ய வேதியியலார் குர்னக்கோவ் ‘பெர்தொல்லைடுகள்’ என்று பெயரிட்டார். விகிதம் மாறாதவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘டால்ட்டனைடுகள்’.

புரூஸ்டின் பெயர் வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளி கலந்த செந்நிறக் கனிமம் ஒன்றுக்கு 1832-இல் ‘புரூஸ்டைட்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் இயைபு: மூன்று வெள்ளி, ஓர் ஆர்சனிக், மூன்று கந்தகம்.