சாவியைத் திருப்பினால் ‘கிளிக்’

புந்தோங் கச்சாங் பூத்தே கம்பத்துப் பக்கம் பழைய பிக்கப் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். காலையில் உடனே கிளம்பும். மதியம் சாவியைத் திருப்பினால் ‘கிளிக்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். “பேட்டரி போச்சு” என்று புதுசு வாங்குவார்கள். மறுவாரம் அதே கதை.

இதற்கு விடை 1911-இல் இருக்கிறது. அதற்கு முன் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் காரைக் கிளப்புவார்கள்; இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங், கடைக் கல்லாப்பெட்டிக்கு மோட்டார் பொருத்தியவர். அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்தார்: சில விநாடிதானே, சின்ன மோட்டாருக்கே அந்நேரம் மட்டும் மிகையான மின்னோட்டம் கொடுத்தால் போதும். 1912 காடிலாக் அப்படி வந்தது.

அந்த மிகை மின்னோட்டம்தான் நம் பிக்கப்பின் தலைவலியும். மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டருக்கு 200 ஆம்பியர். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியால் மின்தடை 0.01 ஓம். ஓம் விதிப்படி 2 வோல்ட் வழியிலேயே போச்சு! முன்விளக்குக்கு 10 ஆம்பியர் போதும், இழப்பு 0.1 வோல்ட். அதனால் வெறுமனே விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றும். சூட்டில் செப்பின் தடையும் கூடும், மதியம் மட்டும் மக்கர் பண்ண அதுவும் ஒரு காரணம்.

முனைகளைச் சுரண்டி இறுக்கியும் ‘கிளிக்’ போகவில்லையா? சொலினாய்டுக்குள் செப்புத் தொடுமுனை தேய்ந்திருக்கலாம். அதைப் பிரிக்குமுன், கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரியின் எதிர்முனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டர் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது 0.5-க்கு மேல் காட்டினால், முதலில் எர்த் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.