புதைபடிவம் பிரித்தெடுத்தல்

பாறையில் பதிந்த உயிரெச்சத்தைச் சேதமின்றி வெளிக்கொணரும் பணி. தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற களம் அரியலூர் வட்டாரம். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் மூடியிருந்த அந்நிலத்தின் அம்மோனைட்டுகளை (அழிந்துபோன ஓடுடைய கடலுயிரிகள்) 1860களில் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிஸ்கா விரிவாக விவரித்தார். சென்னையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவில் புதைபடிவங்களைப் பார்க்கலாம்.

முதல் வேலை சீட்டு எழுதுவது: கிடைத்த இடம், பாறை அடுக்கு, தேதி. இவை இல்லாத மாதிரி ஆய்வில் பெரும்பாலான மதிப்பை இழந்துவிடும். ஒட்டிய மண்ணை உலர்ந்த டூத்பிரஷ்ஷால் தட்டலாம். தண்ணீரை ஒரு மூலையில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். களிமண் பாறை ஊறி உதிர்ந்துவிடும். கெட்டியான பகுதியை உருப்பெருக்கியின் கீழ் ஊசியாலும் சிற்றுளியாலும் துகள் துகளாக எடுக்க வேண்டும். உளிமுனை படிவத்தை விட்டு வெளிப்புறம் நோக்கட்டும். விரிசலை ஒட்ட அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பிசின் ஏற்றது.

வினிகர் உள்ளிட்ட அமிலங்களைத் தொடக்கநிலையினர் தொடவே கூடாது. சுண்ணாம்புக்கல்லோடு சிப்பியும் கரைந்துபோகும், இரண்டும் கால்சியம் கார்பனேட்டே. கல்தூசு நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

சாத்தனூர் கல்மரம், திருவக்கரை கல்மரப் பூங்கா ஆகியவை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்கள். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்துவராதீர்கள்.