விற்கலாம், ஒற்றி வைக்கலாம்

திருச்சியில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இரண்டு வகைப் பலகை பழக்கம். ஒன்றில் ‘வீடு வாடகைக்கு’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘வீடு ஒத்திக்கு’. உறையூர், தென்னூர், பாலக்கரை என எந்தப் பக்கம் போனாலும் இரண்டும் கண்ணில் படும். சென்னைக்காரர் இரண்டாவது பலகையைப் பார்த்தால் ‘லீஸா?’ என்று கேட்பார். இன்னும் சிலர் ‘போக்கியம்’ என்பார்கள். சங்கதி ஒன்றுதான். குடிவருகிறவர் ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறார். கெடு இரண்டு வருஷம், மூன்று வருஷம். ‘வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. கெடு முடிந்ததும் பணம் திரும்புகிறது, சாவி திரும்புகிறது.

ஒத்தி என்பது ஒற்றியின் பேச்சு வடிவம். காற்று காத்தானது போல, நேற்று நேத்தானது போல, றகர இரட்டை நம் வாயில் தகர இரட்டையாகிவிட்டது. மலையாளிகள் பழைய ஒலியை விடவில்லை. அங்கே நிலத்தை ஈடு வைப்பது இன்றும் ‘ஒற்றி’, மலபார் நில உரிமைகளைப் பேசும் ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் ‘காணம்’ என்னும் இன்னொரு நில உரிமையோடு சேர்ந்து வரும் சொல் அது. யாழ்ப்பாணத்திலும் ஒற்றிதான். ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்து முடித்த தேசவழமையில் ஒற்றிக்கென்றே ஒரு பகுதி உண்டு. நிலத்தின் விளைச்சலைப் பணம் கொடுத்தவர் அனுபவிப்பார், அதுவே வட்டிக்கு ஈடு. நிலத்துக்கு உரியவர் நினைத்த நாளில் போய்ப் பணத்தை நீட்டி மீட்டுவிட முடியாது. என்ன நிலம், என்ன விளைகிறது என்பதைப் பார்த்து மீட்கும் பருவத்தை வகுத்திருக்கிறார்கள். விதைத்தவன் அறுக்காமல் வெளியேறக் கூடாதல்லவா. ‘கடனை முன்கூட்டியே அடைக்கலாமா’ என்று இன்று வங்கியில் கேட்கும் கேள்விக்கு அந்தக் காலத்துப் பதில், ‘அறுவடை முடியட்டும்’.

சொல்லின் வேர் ‘ஒற்று’ என்னும் வினை. படிந்து தொடுவதும் மெல்ல அழுத்துவதும் ஒற்றுதல். தீபாராதனைத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், வீங்கின இடத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறோம். ஒற்றி எடுத்தால் இரண்டும் பிரிந்துவிடும், ஒட்டினால் பிரியாது. கடனுக்கு இந்தச் சொல்லைப் பிடித்தவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்தே பிடித்தார்கள் என்று நான் நினைக்கிறேன். பணம் கொடுத்தவன் கை நிலத்தின் மேல் படிகிறது. நிலம் அவனுடையதாகிவிடுவதில்லை.

இந்த நுணுக்கத்தை நன்றாக அறிந்தவர் சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போனது என்பது பெரியபுராணக் கதை. பார்வை முழுதும் திரும்புவதற்காகத் திருவாரூரில் பாடிய பதிகத்தில் இறைவனோடு ஒரு வழக்கே நடத்துகிறார்: என்னை நீர் விற்றுக்கொள்ளலாம், ஆனால் நான் ஒற்றிப்பொருள் இல்லை. மீட்டுப் போகிற சரக்காக நான் வரவில்லை, விரும்பி முழு அடிமையானவன், விற்கிற அளவுக்கு உமக்கு என்மேல் உரிமை உண்டு என்பது வாதம். கண்ணைப் பறித்தது ஒற்றியூர்க்காரர் என்பதால் சொல்லில் ஒரு குத்தலும் இருக்கிறது. பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன்பே விற்பனைக்கும் ஒற்றிக்கும் உள்ள வித்தியாசம் பாட்டில் வைத்துப் பேசுகிற அளவுக்கு ஊரறிந்ததாக இருந்திருக்கிறது. (ஊர்ப்பெயரான ஒற்றியூருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் வேறு. அரசன் போட்ட வரியோலையில் இந்த ஊருக்கு மட்டும் விலக்கு என்று இறைவனே இடையில் எழுதினானாம். வரிவிலக்குக்குக் கடவுளே கையெழுத்துப் போட்ட ஊர் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை.)

கல்வெட்டுகளுக்கும் செப்பேடுகளுக்கும் வந்தால் இந்த இரண்டு சொல்லும் சேர்ந்தே நடக்கின்றன. நிலத்தை ஒருவருக்கு முழு உரிமையோடு கொடுக்கும்போது, அதை விற்கவும் ஒற்றி வைக்கவும் அவர் உரியவர் என்று எழுதினார்கள். பிற்கால ஆவணங்களில் இரண்டும் ஒட்டி ‘விற்றொற்றி’ என்றே ஒரு தொடராகிவிட்டது. எனக்கு இந்தக் கட்டுரையில் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு மனை உன்னுடையதா என்று தெரிந்துகொள்ள, அதில் யார் குடியிருக்கிறார், யார் வரி கட்டுகிறார் என்றெல்லாம் நம் முன்னோர் கேட்கவில்லை. விற்க முடியுமா, ஒற்றி வைக்க முடியுமா என்று கேட்டார்கள். கடன் வாங்கப் பயன்படும் நிலமே சொந்த நிலம்.

ஒற்றியின் இன்னொரு பெயரான போக்கியம் வடமொழியிலிருந்து வந்தது. தரும சாத்திரங்கள் ஈட்டுப் பொருளைக் காத்து வைப்பது, அனுபவிப்பது என்று இரண்டாகப் பிரிக்கும். பின்னது போக்யம். பெங்களூரிலும் இதே ஏற்பாட்டுக்கு இதே பெயர். அடமானம் நம் பக்கத்துச் சொல். அடைமானம் என்று ஐகாரத்தோடும் எழுதுவார்கள், அடகு அதற்கு உறவு. நகைக்கு அடகு, வீட்டுக்கு அடமானம் என்று பங்கு பிரிந்துவிட்டது.

மீட்பதற்கு உள்ள சொற்கள் இன்னும் சுவை. நகையை ‘மீட்டேன்’ என்று பேச்சில் அதிகம் சொல்வதில்லை, ‘திருப்பிட்டேன்’ என்பார்கள். பத்திரமொழியில்தான் மீட்பு. அந்தச் சொல்லைக் கிறித்தவம் எடுத்துக்கொண்டு மீட்பர் என்று பெரிய உயரத்துக்குக் கொண்டுபோனது. பாலக்கரையில் சகாயமாதா கோயில் என்று எல்லோரும் சொல்லும் ஆலயத்தின் முறையான பெயர் உலக மீட்பர் பசிலிக்கா.

மீளாத ஒற்றிக்கும் திருச்சியிலேயே உதாரணம் உண்டு. 1750-களில் இந்த ஊர்க் கோட்டையில் உட்கார்ந்து, பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபோடு மல்லுக்கட்டிய ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, படை உதவிக்காக மைசூர் நஞ்சராஜருக்குத் திருச்சியையே தருவதாக வாக்குக் கொடுத்தார். காரியம் முடிந்ததும் கையை விரித்தார். மைசூர்ப் படை சீரங்கத்தில் காத்துக் கிடந்து பிறகு பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏறிய போர்ச்செலவுக்கு நாட்டின் வரி வருவாயையே ஈடாக எழுதிக் கொடுத்தார் நவாப். நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசியது பெயர்பெற்ற உரை. 1801-இல் ‘கர்நாடகம்’ எனப்பட்ட நவாபின் நாடு முழுதும் கம்பெனி கைக்குப் போனது. அனுபவ பாத்தியதையோடு ஒன்றை ஒப்படைத்தால் அதைத் திருப்பும் சக்தியும் கையில் இருக்க வேண்டும். நவாபிடம் இல்லை.

கம்பெனிக்குப் பின் வந்த அரசு 1882-இல் சொத்து மாற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 58-ஆம் பிரிவு அடமானத்தை ஆறு வகையாக்குகிறது. அதில் ஒன்று நம் ஒற்றி, ஆவணங்களில் ‘சுவாதீன ஒத்தி’. 60-ஆம் பிரிவு மீட்கும் உரிமையைத் தருகிறது. மீட்கவே கூடாது என்று பத்திரத்தில் எழுதினாலும் செல்லாது. எத்தனை வருஷத்துக்குள் மீட்க வேண்டும் என்பதில் பல காலம் சண்டை. சாதாரண அடமானத்துக்குக் காலவரம்பு 30 ஆண்டு. ஒற்றிக்கு அப்படி ஆண்டு கடந்ததாலேயே உரிமை போய்விடாது என்று 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாத்தா ஒத்திக்கு விட்ட நிலத்தைப் பேரன் திருப்பலாம்.

இத்தனை பாதுகாப்பும் முறையான ஒற்றிக்குத்தான். நூறு ரூபாயை எட்டினாலே, பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் தவிர மற்ற அடமானம் எல்லாம் இரண்டு சாட்சியோடு பதிவாக வேண்டும் என்பது 59-ஆம் பிரிவு. வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு எட்டு லட்சத்தைக் கொடுக்கிறவர்களிடம் இருப்பது ஒற்றி என்ற பெயர் மட்டும். அதைவிட மோசம் இன்னொன்று. வீட்டுக்காரர் வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியிருப்பார். தவணை கழுத்தை நெரிக்கும். வீட்டை ஒத்திக்கு விட்டு அந்தப் பணத்தைக் கடனில் கட்டுவார், அல்லது கட்டுவதாகச் சொல்வார். தவணை நின்றால் வங்கிக்கே முதல் உரிமை. ஒத்திக்காரர் சாமானோடு தெருவில் நிற்பார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. வில்லங்கம் என்றால் பேச்சில் வம்பு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பாத்தியதைகளின் பட்டியல்.

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் ‘கடன் முடியற வரைக்கும் வீடு பேங்க்காரனோடது’ என்பார்கள். தப்பு. வங்கியிடம் இருப்பது பத்திரமும் அதன்மேல் ஒரு பாத்தியதையும். பட்டா உங்கள் பெயரில், வீட்டு வரி உங்கள் பெயரில், வாடகைக்கு விட்டால் வருமானம் உங்களுக்கு. செப்பேட்டுக் கணக்கில் சொன்னால் ஒற்றி வைக்க முடிந்ததே சொந்தம் என்பதற்குச் சாட்சி.

சரி, முன்கூட்டியே அடைக்கலாமா? பொன்மலை ரயில்வே பணிமனையிலும் பெல் தொழிற்சாலையிலும் ஓய்வு பெறுகிறவர்கள் பணிக்கொடை வந்ததும் கேட்கிற கேள்வி இது. கணக்கு இப்படி. 20 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். முதல் மாதம் அதில் 14,167 ரூபாய் வட்டிக்கே போகும், அசலில் கழிவது 3,190 ரூபாய்க்குள். முழுக்காலமும் கட்டினால் மொத்தம் 41 லட்சத்து 65 ஆயிரம் ஆகும். முதல் வருஷம் முடிந்ததும் கையிலிருந்து ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டித் தவணையைக் குறைக்காமல் விட்டால், கடைசியில் ஏறக்குறைய 26 தவணை காணாமல் போகும். அதே ஒரு லட்சத்தைப் பதினெட்டாம் வருஷம் கட்டினால் மிச்சம் அற்பம், அப்போது தவணையில் பெரும்பங்கு அசல். ஆகவே ஆரம்பத்தில் அடைப்பதற்குத்தான் பலன். இருக்கிற காசையெல்லாம் துடைத்துக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியார் கடன் வாங்குகிறவர்களையும் பார்க்கிறோம், அது கூடாது. பழைய வருமான வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு, புதிய முறையில் கிடையாது. புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கடனை இழுத்துக்கொண்டிருக்க அந்தக் காரணமும் இல்லை. மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்னதாக முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

அடைத்ததும் வேலை முடியவில்லை. திருப்பினால்தான் ஒற்றி தீரும். முழுத்தொகையும் கட்டி 30 நாளைக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும், தாமதத்துக்கு வங்கியே காரணமென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் பலர் ரசீது ஆவணத்தைப் பதிய மறந்துவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது பத்திர ஒப்படைப்பைச் சார்பதிவாளரிடம் பதிந்திருப்பார்கள், முடிந்ததையும் அங்கே பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் அடுத்த வரி விழும். இல்லையென்றால் பத்து வருஷம் கழித்து விற்கப் போகும்போது, தீர்ந்த கடன் தீராததாக நிற்கும்.

இதெல்லாம் காவிரிக்குத் தென்கரையில். பாலத்தைத் தாண்டிச் சீரங்கம் போனால் கேள்வியே மாறிவிடும். ஏழு மதில் கொண்ட அந்தக் கோயிலில் வெளி மதில்களுக்குள்ளேதான் ஊர் இருக்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று தெருத்தெருவாக வீடுகள். தலைமுறைகளாகக் குடியிருக்கும் அந்த வீடுகள் பலவற்றின் அடிமனை கோயிலுக்குரியது என்பது கோயில் தரப்பு. நாங்கள் பத்திரம் போட்டு வாங்கினோம், வரி கட்டுகிறோம் என்பது குடியிருப்போர் தரப்பு. ஊரில் இதற்குப் பெயரே ‘அடிமனைப் பிரச்சினை’. அடி என்றால் கீழ், மனை என்றால் வீட்டு நிலம். மேலே இருக்கும் கட்டடத்தையும் கீழே இருக்கும் மண்ணையும் பிரித்துப் பேசத் தேவைப்பட்ட ஊரில்தான் இந்தச் சொல் அன்றாடப் பேச்சாகியிருக்கிறது.

1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, கோயில் நிலத்தை ஆணையர் அனுமதியின்றி விற்றாலும் அடமானம் வைத்தாலும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு, அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிய மறுக்கச் சார்பதிவாளருக்கு வழி செய்கிறது. பதிவு இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. கடனே இல்லாத வீடு, தாத்தா கட்டியது, தளம் மாற்ற வேண்டும் என்று நான்கு லட்சம் கேட்டு வங்கிக்குப் போனால், மேலாளர் முதலில் பார்ப்பது அடிமனை யார் பெயரில் என்பதை. விற்கவும் முடியவில்லை, ஒற்றி வைக்கவும் முடியவில்லை. கோயிலுக்கு மானியம் எழுதியவர்களும் இதை நினைத்துத்தான் எழுதினார்கள். தேவதானத்தை யாரும் விற்றொற்றிச் செய்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. மேலே குடியிருப்பவரின் கவலை வேறு.

சீரங்கத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் சதுரடி விலையையும் தண்ணீர் வசதியையும் அப்புறம் கேட்கலாம். ‘அடிமனை யாருது, கடைசியா எந்த வருஷம் பதிவாச்சு?’ என்று கேட்டுவிட்டு, வில்லங்கச் சான்றையும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசட்டும்.