கரி பஸ்ஸும் காத்துக் கருப்பும்

போன மாசம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கூட அக்கா பையன், ஆறாவது படிக்கிறான். பொழுது போகாமல், "மாமா, டீசலே இல்லாமப் போயிட்டா இந்த பஸ்ஸெல்லாம் எதுல ஓடும்?" என்றான். "கரியில ஓடும்டா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு செல்போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான் :-)

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்க சின்னத் தாத்தா (தாத்தாவோட தம்பி) அப்படி ஒரு பஸ்ஸில்தான் பதினாலு வயசில் கிளீனராகச் சேர்ந்தார். 1944-ஆம் வருஷம். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, கொடைரோடு ஸ்டேஷன், அப்படியே மதுரை. பஸ்ஸுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு தகர உருளை தொங்கும், அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, காத்தாடியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே நிற்கணும், அதுதான் அவர் வேலை. ஊரில் அவருக்குப் பேரே 'கரி கேஸு'.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி, கரியில் எப்படி பஸ் ஓடும்னு சொல்லிடறேன். நீராவி எஞ்சின்னு நினைச்சுடாதீங்க. அது வேற, இது வேற.

எரிவாயு தயாரிக்கும் தொழில் முதலில் விளக்குக்காகத்தான் வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் முர்டாக் 1792-ல் நிலக்கரி வாயுவால் தன் வீட்டுக்கு விளக்கேற்றினார். 1812-ல் லண்டனில் இதுக்குன்னே ஒரு கம்பெனி வந்தது. நம்ம நாட்டில் கல்கத்தா தெருக்களில் 1857-ல் கேஸ் விளக்கு எரிந்தது. அந்த இயந்திரத்தின் அமைப்பு ரொம்ப எளிமை. மூடிய இரும்புப் பாத்திரத்தில் நிலக்கரியைப் போட்டு, வெளியிலிருந்து சூடாக்குவது. காற்று உள்ளே போகாததால் நிலக்கரி எரியாது. அதிலிருந்து வாயு பிரிந்து வரும், பின்னால் கல்கரி மிஞ்சும். சட்டியில் போட்டு வறுக்கிற மாதிரி.

அடுத்து வந்தவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். எதுக்கு வெளியிலிருந்து சூடாக்கணும்? கரியையே கொஞ்சம் எரிய விட்டு, அந்தச் சூட்டிலேயே மீதிக் கரியை வாயுவாக்கினால் என்ன? 1839-ல் ஜெர்மனியில் பிஷோஃப் என்பவர் இப்படி ஒரு அடுப்பு செய்தார். 1861-ல் சீமென்ஸ் சகோதரர்கள் அதைத் தங்கள் உலைகளுக்காகப் பெரிய அளவில் செய்து காப்புரிமை வாங்கினார்கள். கண்ணாடியும் எஃகும் உருக்குகிற உலைகள்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். அளவான காற்றில் கரி எரிந்து கரியமில வாயுவாகும், சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அந்த வாயு தகதகவென்று கனன்றுகொண்டிருக்கும் கரிப் படுகை வழியாகப் போகும்போது இன்னொரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். இது எரியக்கூடிய வாயு. கரியில் இருக்கிற ஈரத்திலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். ஆனால் பாதிக்கு மேல் காற்றோடு சும்மா வந்த நைட்ரஜன். அதனால்தான் விளக்குக்கு வந்த நிலக்கரி வாயுவோடு ஒப்பிட்டால் இதற்குச் சுமார் நாலில் ஒரு பங்குதான் சக்தி.

1878-ல் டௌசன் என்ற ஆங்கிலேயர் இந்த வாயுவை எஞ்சினுக்குக் கொண்டு போனார். ஆனால் அவர் அமைப்புக்குத் தனியாக ஒரு கொதிகலனும், வாயுவைச் சேர்த்து வைக்க ஒரு பெரிய தொட்டியும் வேணும். வண்டியில் ஏற்ற முடியாது. 1890-களில் பிரான்சில் பெனியே என்பவர்தான் சிக்கலை அவிழ்த்தார். எஞ்சின் ஓடும்போது அதுவே மூச்சு இழுக்கிறதே, அந்த இழுப்பிலேயே அடுப்புக்குள் காற்று போகட்டும்! எஞ்சினுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வாயுதான் உண்டாகும். தொட்டி வேண்டாம். 1920-களில் ஜார்ஜ் இம்பர்ட் என்பவர் வாயுவைக் கீழ்நோக்கி, நெருப்பின் உக்கிரமான பகுதி வழியாக இழுத்து, விறகிலிருந்து வரும் தாரை அங்கேயே உடைத்தார். விறகிலேயே லாரி ஓடியது. இரண்டாம் உலகப் போர் முடியும்போது ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் இப்படி ஓடிக்கொண்டிருந்தன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மாதமே யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை வெள்ளைக்காரர்கள் தாங்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மா எண்ணெயை நம்பியிருந்த இந்தியாவுக்கு அது பெரிய அடி. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்கு, மிஞ்சியது ரேஷனில். அப்போதுதான் பஸ்களுக்குப் பின்னால் இந்த உருளைகள் முளைத்தன. மதுரையில் 1912-லேயே பஸ் ஓட்டிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் இந்தப் போர்க்காலத்தில் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தார். உலகமே செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தை நம்ம பக்கத்து ஊர்ப் பட்டறையிலும் செய்தார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

சின்னத் தாத்தா வேலை செய்தது வேறொரு சின்ன முதலாளியிடம். ரெண்டே பஸ். வெள்ளன நாலு மணிக்கு எழுந்து சாம்பலைத் தட்டி, கருவேலங்கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போட்டு, கந்தல் துணியைக் கொளுத்தி உள்ளே தள்ளுவார். அப்புறம் காத்தாடி. கால் மணி நேரம் சுற்றணும். குழாயில் இருக்கிற சின்னத் திறப்பில் தீக்குச்சியைக் காட்டி, நீல நிறத்தில் நின்று எரிந்தால் 'கேஸ் வந்துருச்சு'. டிரைவர் அதுக்கப்புறம்தான் டீயை முடித்துவிட்டு வருவாராம். வாயு போகிற வழியில் குளிர வைக்கக் குழாய்கள், தூசி வடிகட்டத் துணி, தேங்காய் நார். அதையெல்லாம் கழுவுவதும் இவர்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ கரி. பெட்ரோல் எஞ்சினில் இந்த வாயுவை விட்டால் சக்தி பாதியளவுக்குக் குறைந்துவிடும். மேடு வந்தால் "எல்லாரும் இறங்குங்கய்யா". தள்ளுறதுக்கு இல்லையாம், கனம் குறையறதுக்கு. அப்புறம் தள்ளவும் செய்வார்களாம் :-) 20 லிட்டர் குடிக்கிற பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோ கரி. மூட்டம் போட்டு 30 கிலோ கரி எடுக்க 150 கிலோவுக்கு மேல் விறகு எரியணும். போர்ச் செலவில் நம்ம ஊர் மரங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதுவரைக்கும் சொன்னதை தாத்தா சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். ஒரே ஒரு கதையை மட்டும் சிரிக்காமல் சொல்லுவார்.

அவரோடு இன்னொரு பையன் வேலை செய்தான். இவரைவிட ஒரு வயசு சின்னவன். மார்கழி மாசம், நல்ல பனி. ராத்திரி கடைசி நடை முடிந்து பஸ்ஸை ஷெட்டுக்குள் விட்டார்கள். உருளை இன்னும் சூடாக இருந்தது. கணகணப்பாக இருக்கே என்று அந்தப் பையன் ஷெட் கதவைச் சாத்திவிட்டு உருளைக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தான். தாத்தாவுக்கு அன்றைக்குத் தலைவலி, வாந்தி. அதனால் வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் நாலு மணிக்குப் போய் எழுப்பினால், எழுந்திரிக்கவில்லை.

உடம்பில் ஒரு காயம் இல்லை. ஊரே கூடி, "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்றது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது, பழி அதன் மேல் விழுந்தது. பூசாரி வந்தார், சேவல் அறுத்தார்கள். அடுத்த வாரம் பஸ் ஓடியது. 1998-ல் சாகிற வரைக்கும் தாத்தா அந்தப் பக்கம் இருட்டினப்புறம் போனதில்லை. "எய்யா, எனக்கு வர வேண்டியது அவனுக்கு வந்துருச்சு"ன்னு சொல்லுவார்.

நான் காலேஜில் எரிபொருள் பாடம் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதல் அறிகுறியே தலைவலி, வாந்தி, மயக்கம். தாத்தாவுக்கு அன்றைக்கு வந்தது சாதாரணத் தலைவலி இல்லை. பகல் பூரா உருளைக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அது ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு வந்ததால் பிழைத்தார்.

பெனியேயின் அந்த அருமையான யோசனை ஞாபகம் இருக்கா? எஞ்சின் ஓடும்போது உள்ளே இழுப்புதான் இருக்கும். குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, விஷம் பெரும்பாலும் வெளியே வராது. ஆக, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பயணிக்குப் பெரிய பயமில்லை. ஆனால் காலையில் எஞ்சின் இழுக்க ஆரம்பிக்கும் முன்னால், வெளியிலிருந்து காற்றை ஊதி விடுகிற காத்தாடியாக இருந்தால், உள்ளே அழுத்தம் கூடி வாயு சந்துபொந்தெல்லாம் வழியாக வெளியே கசியும். நடுவில் கரி போட மூடியைத் திறந்தால் மூஞ்சியில் அடிக்கும். ராத்திரி எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே கரி கனன்றுகொண்டே, மணிக்கணக்கில் வாயு வந்துகொண்டே இருக்கும். இந்த மூன்று நேரத்திலும் அங்கே நிற்பது யார்? கைப்பிடி சுற்றுகிற பையன். எஞ்சினையும் பயணியையும் கணக்கில் வைத்துக் கச்சிதமாகச் செய்த இயந்திரத்தில், அந்தப் பையன் கணக்கிலேயே வரவில்லை.

இது தெரியாத காலமா? இல்லை. போர்க்காலத்தில் இதே மாதிரி வண்டிகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிய ஸ்வீடனில் மருத்துவர்கள் இந்த நோயைக் கவனித்து எழுதினார்கள். மூடிய கொட்டகையில் ஏற்றாதே, அணைந்த பிறகும் பக்கத்தில் படுக்காதே என்பதெல்லாம் ஒரு பலகையில் எழுதி மாட்டக்கூடிய சங்கதி. நம்ம பையனிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை. புளியமரம்தான் இருந்தது.

தாத்தாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "காத்துன்னும் சொன்னாங்க, கருப்புன்னும் சொன்னாங்க. ரெண்டும் சரியாத்தானடா சொல்லியிருக்காங்க" என்றார். கரியும் காத்தும். எனக்குப் பேச்சு வரவில்லை.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் உருளைகளைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அந்த யோசனை சாகவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களிலிருந்து விறகுக் கழிவில் மின்சாரம் எடுக்கும் கலன்களைச் செம்மைப்படுத்தினார்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியில் 2003 வாக்கில் தண்ணீர் இறைக்க 9 கிலோவாட் கலன் ஒன்றை நிறுவினார்கள். நல்ல காரியம்தான். பக்கத்தில் நிற்கிற ஆளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

கொடைக்கானல் பஸ் வந்தது, ஏறினோம். டம்டம் பாறை தாண்டும்போது பையனுக்கு முழுக் கதையும் சொல்லி முடித்தேன். "அந்த அண்ணன் பேரு என்ன மாமா?" என்றான். தாத்தா சொல்லியிருப்பார். நான் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காப்புரிமை வாங்கினவங்க பேரெல்லாம் எனக்கு வருஷத்தோடு தெரியுது, பாருங்க.

டிஸ்கி: மலைக்குக் குளிருக்குப் போகிறவர்கள் அறைக்குள்ளேயோ கூடாரத்துக்குள்ளேயோ கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். கனன்றுகொண்டிருக்கிற கரியிலிருந்து வருவது அதே வாயுதான். இதை நாலு பேரிடம் சொன்னால் அதுவே போதும்.